மறு: ‘வளரூக்கி’யா, ‘வளர்ச்சிக் காரணி’யா?

வணக்கம்.

செல்களின் வளர்ச்சிக்குச் சமிக்ஞை தரும் புரதங்களுக்கு (growth factor) நீங்கள் சொன்ன ‘வளரூக்கி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் ‘ஊக்கி’ என்றாலே முடுக்கிவிடுவது என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்தப் புரதங்கள் எல்லா இடத்திலும் அதைச் செய்வதில்லையே. எலும்பு நுனியில் இருக்கும் வளர்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குருத்தெலும்புச் செல்கள் மட்டுமீறிப் பெருகாமல் இழுத்துப் பிடிப்பதுதான் எஃப்ஜிஎஃப் ஏற்பி-3இன் வேலை (எஃப்ஜிஎஃப் என்பது fibroblast growth factor, இந்தப் புரதங்களில் ஒரு குடும்பம்; ஏற்பி என்பது அதன் சமிக்ஞையைச் செல்லில் வாங்கும் புரதம்). மரபணுப் பிறழ்வால் அந்த ஏற்பி ஓயாமல் சமிக்ஞை கொடுத்தால் கைகால் எலும்புகள் குட்டையாகிவிடும். அகாண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மை அதுதான். ‘ஊக்கியின் வேலை கூடியதால் உயரம் குறைந்தது’ என்று மாணவருக்கு எப்படிச் சொல்வது? ‘காரணி’ இந்த வம்பில் மாட்டாது. புழக்கத்திலும் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

எனக்கு இடிப்பது உட்பிரிவுகளின் பெயர்தான். மனிதரில் எஃப்ஜிஎஃப் குடும்பத்தில் 22 புரதங்கள். அதில் நான்கு செல்லுக்குள்ளேயே இருப்பவை, அவற்றை இப்போதைக்கு விடுவோம். மற்றவற்றில் பெரும்பாலானவை சுரந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. செல்களைச் சுற்றியுள்ள ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவில் கைகால் மொட்டு விடுவது இப்படிப்பட்ட பக்கத்துவீட்டுப் பேச்சால்தான். எஃப்ஜிஎஃப்-10 இல்லாத சுண்டெலிக் குட்டிக்குக் கைகாலும் இல்லை, நுரையீரலும் இல்லை. இவற்றை ‘அண்மைக் காரணி’ என்னலாம்.

எஃப்ஜிஎஃப்-19, 21, 23 மூன்றும் வேறு ரகம். ஹெப்பரானில் சரியாக ஒட்டாது, ரத்தத்தில் கலந்துவிடும். 23 எலும்பில் சுரந்து, சிறுநீரகத்துக்குப் போய், பாஸ்பேட்டை வெளியேற்ற வைக்கிறது. 19 சிறுகுடலில் சுரந்து கல்லீரலில் பித்த அமில உற்பத்தியைக் குறைக்கிறது. 21 கல்லீரலிலிருந்து வருவது. சுண்டெலியில் அதை மிகையாகச் சுரக்கவைத்தால் வளர்ச்சி ஹார்மோனின் பேச்சே எடுபடாமல் உடல் சிறுத்துவிடுகிறது. (‘வளரூக்கி’ இங்கேயும் உதைக்கிறது, பாருங்கள்.)

இந்த மூன்றுக்கும் முதலில் ‘தொலைக் காரணி’ என்று எழுதிப் பார்த்தேன். யாரையோ திட்டுவது போல இருக்கிறது! ‘அகச்சுரப்புக் காரணி’ தவறில்லை, ஆனால் ‘அக’ என்பது செல்லுக்குள் இருக்கும் அந்த நான்கோடு குழப்பும். என் வாக்கு ‘குருதிவழிக் காரணி’க்கு.

அப்புறம், இந்த மூன்றும் ஏற்பியோடு சேரச் செல்சவ்வில் இருக்கும் க்ளோத்தோ என்ற புரதங்களின் கூட்டு வேண்டும். அவற்றுக்கு (co-receptor) ‘துணை ஏற்பி’யா, ‘இணை ஏற்பி’யா? ஏற்பி இல்லாமல் தனியாக நின்று பயனில்லை என்பதால் ‘துணை’ பொருந்தும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.