சூப்பர் எலிவேஷன்: ‘புறவுயர்வு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

சாலைப் பொறியியல் சொற்பட்டியலில் சூப்பர் எலிவேஷனுக்கு ‘மேலுயர்வு’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சாலையையே மேடாக்கிப் போடுவதாகத்தான் முதலாண்டு பாலிடெக்னிக் மாணவர் புரிந்துகொள்வார். வளைவில் திரும்பும் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும், அதைச் சமாளிக்கச் சாலையின் வெளிவிளிம்பை உள்விளிம்பைவிடத் தூக்கி வைக்கிறோம், அதுதான் சூப்பர் எலிவேஷன், மிச்சத்தை டயரின் உராய்வு பார்த்துக்கொள்கிறது. இந்த ‘வெளிப்பக்கம்’ சொல்லுக்குள் வந்தாக வேண்டும்.

‘குறுக்குச்சாய்வு’ என்றால் கேம்பரை என்ன செய்வது? நேர்ச்சாலையில் மழைநீர் வடிய நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் கொடுப்பதும் குறுக்குச்சாய்வுதானே. அந்தக் கேம்பரைப் படிப்படியாக எடுத்துவிட்டுத்தான் வளைவில் சூப்பர் எலிவேஷனைக் கொண்டுவருகிறோம், ஆகவே பாடத்தில் இரண்டும் ஒரே பத்தியில் வரும். ‘வளைவேற்றம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைச் சொல்வது போலிருக்கிறது. ‘வெளியேற்றம்’ வேறு பொருளில் ஊன்றிவிட்ட சொல்.

என் பரிந்துரை ‘புறவுயர்வு’. ரயில் பாதை வளைவிலும் வெளித்தண்டவாளத்தை உயர்த்துகிறார்கள், கேன்ட் என்பார்கள், அதற்கும் இது பொருந்தும். கணக்கில் போட்டுப் பார்ப்போம். சாலை அமைப்புக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் முறையில், வேகமும் மெதுவும் கலந்து ஓடும் போக்குவரத்துக்காக, வடிவமைப்பு வேகத்தில் 75 சதவீதத்துக்குத்தான் கணக்கிடுகிறோம். அதாவது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 225 மடங்கால் வகுக்க வேண்டும். மணிக்கு 65 கி.மீ., ஆரம் 300 மீட்டர் என்றால் சாலை அகலத்தில் சுமார் 6.3 சதவீதம். ‘7 மீட்டர் அகலச் சாலையில் புறவுயர்வு 44 செ.மீ.’ என்று எழுதினால் எந்தப் பக்கம் உயரம் என்று உடனே தெரிகிறது. சமவெளியில் உச்சவரம்பு 7 சதவீதம். அதைத் தாண்டினால் உயரமாக வைக்கோல் ஏற்றி மெதுவாகப் போகிற வண்டி உள்பக்கம் கவிழப் பார்க்கும்.

நடுக்கோட்டை அச்சாக வைத்துத் திருப்பினால் வெளிவிளிம்பு பாதி ஏறி உள்விளிம்பு பாதி இறங்குமே, அப்போதும் ‘உயர்வு’ சரியா என்று கேட்கலாம். சரிதான், இரண்டு விளிம்புக்கும் உள்ள வித்தியாசம் அதே 44 செ.மீ. சதவீதம் வருகிற இடத்தில் ‘புறவுயர்வு வீதம்’ என்று எழுதிவிடலாம்.

அப்புறம், கேம்பருக்கு ‘முதுகுச்சாய்வு’ என்று நினைக்கிறேன். சாலை போடும் மேஸ்திரிகள் அதற்கு வேறு சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.