புதுப்பிப்பு: சோலார் கொட்டேஷன் வாங்கிவிட்டு மௌனமானவர்

முன்பு எழுதியிருந்தேன்: வீட்டு மாடிக்கு 3 கிலோவாட் சோலார் பேனல் மாட்ட என்னிடம் கொட்டேஷன் வாங்கிய ஒருவர் அதன்பின் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது என்று. விலையைக் குறைத்துப் பாருங்கள் என்றீர்கள். குறைக்கவில்லை.

"என்ன சார் முடிவு பண்ணீங்க?" என்று கேட்காமல், ஒரே ஒரு விஷயத்தை எழுதி அனுப்பினேன். வீட்டு மாடி சோலாருக்கான பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் பேனல் மாட்டி, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) வைத்த பிறகுதான் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதே திட்டத்தில் வங்கிக் கடனும் கிடைக்கும், விவரம் அனுப்பவா?

அன்று மாலையே போன். "மானியம் போக மீதியைக் குடுத்தாப் போதும்னு நெனச்சேன் தம்பி. முழுசாக் கட்டணும்னதும் வீட்ல யோசிக்கிறாங்க." இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அத்தனை மௌனமும். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. (சரி, கொஞ்சம் இருந்தது; அடியில் துணி காயப்போட வசதியாக பேனல் ஸ்டாண்டை உயர்த்திப் போடச் சொன்னார், இலவசமாக.)

இப்போது கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார். முன்பணம் வரவில்லை, அதனால் பேனல் ஆர்டர் போடவில்லை. பழைய கொட்டேஷன் காலாவதியாகிவிட்டது. அதே விலையில் புதிதாக அனுப்பியிருக்கிறேன், மாதக் கடைசி வரை செல்லும்.