ஓரல் பிரிலிம்: ஆய்வு எவ்வளவு முடிந்திருக்க வேண்டும்?

சேலத்துக்காரன்:
மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சிவில் பிஎச்டி, மூன்றாம் ஆண்டு. தலைப்பு ஆற்று வெள்ளக் கணிப்பு. பிரிலிமில் (ஆய்வைத் தொடரத் தேற வேண்டிய இடைத்தேர்வு) எழுத்துப் பகுதி தேறிவிட்டேன், ஓரல் (வாய்மொழித் தேர்வு) பாக்கி. நினைத்திருக்கும் அத்தியாயங்களில் ஒன்றுதான் ஓரளவு உருப்பட்டிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு கமிட்டி (தேர்வு நடத்தும் பேராசிரியர் குழு) முன்னால் நிற்கலாமா? அட்வைசர் (ஆய்வு வழிகாட்டி) மே மாதம் என்கிறார். ‘பாஸ் வித் ரிசர்வேஷன்ஸ்’ என்று ஒன்று உண்டாமே, அது ஃபெயிலா?

பனிக்காட்டான்:
தாராளமாக நில்லுங்கள். முடிவுகளை அலசத்தான் கடைசியில் டிஃபென்ஸ் (இறுதித் தேர்வு) இருக்கிறதே. பிரிலிமில் பார்ப்பது அடிப்படை தெரியுமா, திட்டம் நடக்கிற காரியமா என்பதைத்தான்.

நான் படித்தது பக்கத்து மாநிலத்தில், அதுவும் நீரியல். ஸ்லைடுகளை மெருகேற்றிக்கொண்டு போனேன். ஐந்தாவதிலேயே புள்ளியியல் துறையிலிருந்து வந்த வெளி உறுப்பினர் நிறுத்தினார். “30 வருடத் தினசரி நீரோட்ட அளவு என்கிறீர்கள். நேற்று ஓடியதற்கும் இன்று ஓடுவதற்கும் தொடர்பே இல்லாத மாதிரி கணக்குப் போட்டிருக்கிறீர்களே, ஆறு அப்படியா ஓடும்?” அப்புறம் மிச்ச நேரம் முழுக்க மார்க்கரும் கையுமாகப் போர்டில்தான். திணறினால் கேள்வியைச் சின்னதாக உடைத்துக் கொடுப்பார், ஆனால் விடமாட்டார். அட்வைசர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் (அன்று வாய் திறக்க மாட்டார்கள், எதிர்பார்க்காதீர்கள்).

ஸ்லைடு ஒத்திகையைக் குறையுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட அனுமானம் ஒவ்வொன்றையும் வெறும் போர்டில் நியாயப்படுத்திப் பழகுங்கள். வெளி உறுப்பினரை முன்கூட்டியே போய் ஒருமுறை பாருங்கள்.

மீனாட்சி_மினியாபொலிஸ்:
ஃபெயில் இல்லை தம்பி. தேறியதுதான், ஆனால் நிபந்தனையோடு. என்ன செய்ய வேண்டும் என்று கமிட்டி எழுத்தில் தரும். அதை முடிக்காமல் இறுதித் தேர்வுக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

மே என்றால் தேதியை இப்போதே பிடித்துவிடுங்கள். கமிட்டிக்குக் குறைந்தது நாலு பேர் வேண்டும். பெரும்பாலான பேராசிரியர்களுக்கு ஒன்பது மாத வேலை ஒப்பந்தம்தான், கோடை வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. அதோடு 24 தீசிஸ் கிரெடிட் (ஆய்வேட்டுக்காகப் பதிவு செய்யும் அலகுகள்) வேறு எடுக்க வேண்டுமே.

சேலத்துக்காரன்:
நன்றி அக்கா, நன்றி பனிக்காட்டான். ஒரு சில்லறைக் கேள்வி: காபி, டோனட் நாம்தான் வாங்கி வைக்க வேண்டுமா?

பனிக்காட்டான்:
துறைக்குத் துறை வேறுபடும். சில இடங்களில் கூடவே கூடாது என்பார்கள். உங்கள் லேபில் சமீபத்தில் முடித்த சீனியரைக் கேளுங்கள்.