காப்பர் டி போட்டபின் நிற்காத ரத்தப்போக்கு: பொறுப்பதா, மாற்றுவதா?

மல்லிகை:
குழந்தைக்கு 5 மாதம் முடிந்தது, தாய்ப்பால் மட்டும்தான். பிரசவமாகி 8 வாரத்தில், கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டேன். அப்போதிலிருந்து மாதவிலக்கு வந்தால் 10 நாள் ஆனாலும் நிற்பதில்லை. முதல் மூன்று நாள் கட்டி கட்டியாகப் போகிறது. இரவில் பால் கொடுக்க எழுவதே பெரும்பாடு, இதில் விரிப்பையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இதை எடுத்துவிட்டு, கர்ப்பத்துக்கு முன் போட்டுவந்த கருத்தடை மாத்திரைக்கே திரும்பிவிடலாமா? வீட்டில் எல்லோரும் "இன்னும் கொஞ்சம் பொறு" என்கிறார்கள்.

கயல்விழி:
பொறுத்துக்கொள்ளுங்கள் தோழி. காப்பர் டி போட்ட முதல் 3 முதல் 6 மாதம் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். எனக்கு ஐந்தாவது மாதம் அடங்கியது, இப்போது 5 நாளில் நின்றுவிடுகிறது. இதில் ஹார்மோன் கிடையாது, பாலுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. 380 ஏ வகை என்றால் 10 வருடம் தாங்கும். அந்த நாட்களில் இபுப்ரோஃபென் போட்டால் போக்கு குறையும், பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

தென்றல்:
இந்தப் "பொறு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நடுங்குகிறது. நானும் 7 மாதம் பொறுத்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, தூக்கமில்லாததால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. குறைந்தது 12 இருக்க வேண்டும். அப்புறம் ஸ்கேன் எடுத்தபோது காப்பர் டி நழுவிக் கருப்பை வாய்க்கு வந்திருந்தது. அத்தனை நாளும் ரத்தமும் போயிருக்கிறது, பாதுகாப்பும் ஒழுங்காக இல்லை. மல்லிகை, உடம்பு வேண்டாம் என்று சொல்வதை வைத்துக்கொண்டு ஏன் போராட வேண்டும்? எடுத்துவிடுங்கள்.

கயல்விழி:
ஸ்கேன் எடுக்கச் சொல்வது சரி, அதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது இடத்தில்தான் இருக்கிறது என்றால் அவசரப்பட்டு எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். எடுத்த மறுநாளே கரு உண்டாகலாம். பால் கொடுப்பதே பாதுகாப்பு என்று நம்பினால், அதற்கு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால்தான், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. உங்களுக்கு மூன்றாவது ஏற்கெனவே போய்விட்டது.

இளமதி:
நான் செவிலி. பிரசவத்துக்குப் பின் வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். மல்லிகை, அந்தப் பழைய மாத்திரை எந்த வகை?

மல்லிகை:
அட்டையில் 21 மாத்திரை, கூடவே 7 இரும்புச்சத்து மாத்திரை.

இளமதி:
அப்படியானால் அது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த கூட்டு மாத்திரை. பால் குறையலாம் என்பதால், பால் கொடுக்கும் தாய்மார்கள் 6 மாதம் வரை பொதுவாக இதைத் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். உங்களுக்கு இப்போது பொருந்துவது புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மினி மாத்திரை. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். பழைய வகைகளில் 3 மணி நேரம் தாமதமானாலே தவறவிட்ட கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் வகையில் 12 மணி நேரம் வரை இடம் உண்டு.

எதற்கு மாறினாலும் வரிசை முக்கியம். காப்பர் டி உள்ளே இருக்கும்போதே மினி மாத்திரையைத் தொடங்கி, குறைந்தது 2 நாள் கழித்து டாக்டரிடம் காப்பர் டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முந்தைய 7 நாள் ஆணுறையும் இருக்கட்டும். விந்தணு 5 நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கும், எடுத்த நாளோடு கவலை தீராது. போக்குதான் பிரச்சினை என்றால் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனத்தையும் யோசியுங்கள். இதை எடுக்கும் நேரத்திலேயே அதைப் போடலாம், பெரும்பாலோருக்கு ரத்தப்போக்கு நன்றாகக் குறையும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படலாம்.

ஆதவன்:
ஓர் அப்பாவாகச் சொல்கிறேன். எல்லா மாற்றமும் ஏன் அவர் உடம்பிலேயே நடக்க வேண்டும்? பிரசவமாகி 5 மாதம்தான் ஆகிறது. காப்பர் டியை எடுத்துவிட்டு ஆறு மாதம் கணவர் ஆணுறை பயன்படுத்தட்டும். என் மனைவிக்குக் கருத்தடை ஊசி ஒத்துக்கொள்ளாதபோது நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

கயல்விழி:
மனம் நல்லது அண்ணா, கணக்கையும் பாருங்கள். நடைமுறையில் ஆணுறையை நம்பும் 100 பேரில் சுமார் 13 பேருக்கு ஒரு வருடத்தில் கரு உண்டாகிறது. காப்பர் டியில் ஒருவருக்கும் குறைவு. கைக்குழந்தையோடு இன்னொரு கர்ப்பம் என்றால் அதைச் சுமக்கப்போவது அவர்தானே. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்கிறார்கள்.

தென்றல்:
அந்த ஒன்றுக்கும் குறைவு, அது சரியான இடத்தில் இருந்தால்தான். ரத்தசோகையோடு குழந்தையைத் தூக்கவே முடியாமல் இருந்தவள் நான். கணக்கில் அது வராது.

மல்லிகை:
எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இரண்டுக்கும் நேரம் வாங்கிவிட்டேன். சாதனம் இடத்தில் இருந்து, ரத்தமும் 11க்குக் கீழே போகாமல் இருந்தால், மருந்தோடு இன்னும் இரண்டு மாதவிலக்கு பார்க்கிறேன். இல்லையென்றால் இளமதி அக்கா சொன்ன வரிசையில் மாறிக்கொள்கிறேன். பழைய மாத்திரை அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

கயல்விழி:
இரண்டு மாதம் பாருங்கள், அடங்கும் என்றுதான் இன்னும் நம்புகிறேன்.

தென்றல்:
எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒன்று மட்டும், மல்லிகை: மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்தாலோ வியாழன் வரை காத்திருக்காதீர்கள். அன்றே போய்விடுங்கள்.