வயல் மோட்டாருக்கு லோரா மாட்யூல்: சின்ன வெப்சைட் கடையை நம்பி வாங்கலாமா?

கல்லிடை_குமரன்

எல்லாருக்கும் வணக்கம். ஊரு கல்லிடைக்குறிச்சி. வயல் மணிமுத்தாறு போற பக்கம், வீட்டுல இருந்து ஒன்றரை கிலோமீட்டர். அங்க 5 எச்பி மோட்டார் ஓடுது. த்ரீ பேஸ் கரண்டு நடுராத்திரி வந்தாலும் அப்பா டார்ச்ச எடுத்துக்கிட்டு கிளம்பிருதாவ. சொன்னா கேக்க மாட்டாவ. சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வச்சுப் பாத்தாச்சு. அந்தப் பள்ளத்துல டவரே சரியா எடுக்கல. அதான் இஎஸ்பி32 (ப்ரோக்ராம் ஏத்துற சின்ன கன்ட்ரோல் போர்டு) ரெண்டு, லோரா (சிம், டவர் இல்லாம ரேடியோவுல தூரமா சிக்னல் அனுப்புறது) மாட்யூல் ரெண்டு வாங்கி நானே ஒண்ணு செஞ்சிரலாம்னு இருக்கேன். பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், சால்டரிங் நல்லா வரும்.

பெரிய ஆன்லைன் கடையில மாட்யூல் ஒண்ணு 700 ரூபா போட்டிருக்கு. பெங்களூர்ல ஒரு சின்ன வெப்சைட் கடையில அதே படம், 420. இன்ஸ்டாகிராம்ல ஒருத்தர் 350க்குத் தாறேங்காரு, ஆனா முழுப் பணத்தையும் முன்னாடியே ஜிபேல போடணுமாம். போன் நம்பரைத் தவிர அவர்கிட்ட வேற அடையாளமே இல்ல. மூணுல எதுல வாங்க? தயவுசெஞ்சு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்குப் போன்னு மட்டும் சொல்லாதிய.

டவுன்_வாசி

ரிச்சி ஸ்ட்ரீட் போங்க தம்பி. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா காலையில சென்னை. 😀

வண்ணார்பேட்டை_அண்ணாச்சி

சும்மா கெடயும் வே, பிள்ளை அதத்தான வேண்டாங்கான்.

தம்பி, விலைய அப்புறம் பாப்போம். அந்த மூணு படத்தையும் பெருசாக்கி மாட்யூல் தகரத்து மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீரா? ரா-02ன்னு இருந்தா உள்ள எஸ்எக்ஸ்1278 சிப்பு. அது 433 மெகாஹெர்ட்ஸ் சாமான். நம்ம நாட்டுல இந்த மாதிரி வேலைக்கு லைசென்ஸ் கேக்காம விட்டிருக்கது 865-ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ். அதுக்கு ரா-01எச் வாங்கணும், இல்ல ஆர்எஃப்எம்95-ல 868 மாடல். ஆன்டெனாவும் அதே பேண்டுக்கு (அலைவரிசைக்கு) உள்ளதா இருக்கணும். படம் ஒண்ணா இருந்தா சாமானும் ஒண்ணுன்னு நெனைக்கப்படாது.

நான் மோட்டார் ஸ்டார்ட்டரும் பேனல் போர்டும் பாக்கிற ஆளு. கன்ட்ரோல் போர்டு, டிஸ்ப்ளே, சென்சார் எல்லாம் சின்னக் கடைகள்ல இருந்துதான் வருது எனக்கு. பெரிய கடையில ஒரு சாமானுக்குப் பத்து ஆள் விப்பான், யாருகிட்ட கேள்வி கேக்க? சின்னக் கடைக்காரன் தன் சாமானத் தானே ஓட்டிப் பாத்திருப்பான். பாக்காதவனும் இருக்கான். ரெண்டு பேரையும் எப்படிப் பிரிக்கன்னா, காசு கட்டுறதுக்கு முன்னால கேள்வி கேளும். அந்த பெங்களூர் கடைக்கு இன்னைக்கே மெயில் போடும்: இது எந்த பேண்டு, ஆன்டெனா கூட வருதா, போர்டுல ஆன்டெனா மாட்ட ஐபெக்ஸ் சாக்கெட் இருக்கா, அதுல இருந்து எஸ்எம்ஏ-க்கு (வெளி ஆன்டெனாவத் திருகுற முனைக்கு) வயரு உண்டா. நேரா பதில் வந்தா வாங்கும். "ஆல் மாடல் அவைலபிள் சார்"னு வந்தா விட்டுரும். இன்ஸ்டாகிராம் ஆளுகிட்டயும் இதையே கேளும், செலவா என்ன?

இன்னொண்ணு. பேட்டரி செல்ல மட்டும் விலை குறைவுன்னு கண்ட இடத்துல வாங்கிராதியும். 18650-ங்கிற உருளை லித்தியம் செல்லு மேல 9900 எம்ஏஎச்னு அச்சடிச்சு விக்கான். ஒசந்த கம்பெனி செல்லா இருந்தாலும் அந்த சைசுல பெரும்பாலும் 3500 பக்கத்துல நின்னுரும். தராசுல வச்சாலே தெரிஞ்சிரும்: நல்ல செல்லு 45 கிராம் பக்கத்துல இருக்கும். என் கடைக்கு ஒருத்தர் கொண்டாந்தது 30-ஐயே தாண்டல. மேல பளபளன்னு சிவப்பு உறை, அதுல புலிப் படம் வேற.

தென்காசி_செல்வி

அண்ணாச்சி சொன்னது சரி. நான் விக்கிற பக்கத்துல இருந்து சொல்லுதேன். வீட்டுல இருந்தே மண் ஈரம் பாக்கிற சென்சார் கிட் போட்டு விக்கேன்.

வெளி மாநிலத்துக்கு இந்த மாதிரி சாமான் அனுப்புறவங்க எவ்வளவு சின்ன ஆளா இருந்தாலும் ஜிஎஸ்டி எடுத்தே ஆகணும். அதனால பெங்களூர் கடையில ஜிஎஸ்டி நம்பர் கண்டிப்பா இருக்கணும், கர்நாடகான்னா 29-ல ஆரம்பிக்கும். நம்ம தமிழ்நாட்டுக்கு 33. அந்த நம்பரை ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டா யார் பேர்ல இருக்கு, நடப்புல இருக்கா, ரத்தாயிருச்சான்னு லாகின் இல்லாமலே காட்டும். வெப்சைட்ல போட்ட பேரும் அந்தப் பேரும் சுத்தமா ஒட்டாம இருந்தா ஏன்னு கேளுங்க. ஆன்லைன்ல விக்கிறவங்க பேரு, முகவரி, புகார் வாங்குற அதிகாரி பேரு எல்லாம் போடணும்னு 2020-ல வந்த இ-காமர்ஸ் விதியே இருக்கு.

ஜிபேல முன்பணம் கேட்டாலே திருடன்னு சொல்லிர முடியாது. பேமென்ட் கேட்வே நூத்துக்கு ரெண்டு ரூபா போல எடுத்துக்கிடும், 50 ரூபா லாபம் பாக்கிற சாமானுக்கு அது வலிக்கும். நானே தெரிஞ்சவங்ககிட்ட நேரா வாங்கிக்கிடுவேன். ஆனா அது தெரிஞ்சவங்களுக்கு. உங்களுக்கு அவரு யாருன்னே தெரியாது, அவரு பேர்ல பில்லும் இல்ல. வேண்டாம் தம்பி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மாட்யூல் வந்த உடனே ஆன்டெனாவ மாட்டாம ப்ரோக்ராம ஏத்தி சிக்னல் அனுப்பிப் பாக்காதீங்க. சிப்புல சிக்னல் அனுப்புற பாகம் போயிரலாம். அப்படிப் பண்ணிட்டு "வரும்போதே டெட்"னு திருப்பி அனுப்புறவங்கள நான் நிறையப் பாத்திருக்கேன். பார்சலப் பிரிக்கும்போது லேபிள் தெரிய ஒரே வீடியோவா எடுத்து வச்சுக்கிடுங்க. நல்ல கடைக்காரங்க அத ஏத்துக்கிடுவாங்க. கல்லிடைக்குன்னா ஸ்பீட் போஸ்ட்ல கேளுங்க, வீட்டுக்கே வந்துரும். சில கூரியர்காரங்க அம்பாசமுத்திரத்துல இறக்கிட்டு வந்து எடுத்துக்கோங்கன்னு போன் பண்ணுவாங்க.

டவுன்_வாசி

விளையாட்டு போகட்டும், இதையும் குறிச்சு வச்சுக்கோங்க. சாமான் வரல, மாத்தித் தர மாட்டேங்கான்னா 1915-க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். பணத்த வாங்கிட்டு நம்பரை பிளாக் பண்ணிட்டா அது 1930, சைபர் கிரைம். உடனே அடிக்கணும், ரெண்டு நாள் யோசிச்சுட்டு அடிச்சா பணம் கை மாறிப் போயிரும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறதா இருந்தாலும் பெங்களூர் போக வேண்டாம். 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற ஊர்லயே போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது. டெல்லிப் பக்கம் ஒரு கடை ஹெட்போன் பெட்டிக்குள்ள பழைய சார்ஜரை வச்சு அனுப்புச்சு எனக்கு. 1915-ல புகார் பதிவான மெசேஜ அவனுக்கு அனுப்பினதும் பணம் திரும்பிருச்சு.

கல்லிடை_குமரன்

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. ரெண்டு கடைக்காரங்ககிட்டயும் கேட்டேன். இன்ஸ்டாகிராம்காரர் பதில்: "எல்லா பேண்டும் சப்போர்ட் ப்ரோ, இன்னைக்கு மட்டும் 320." பெங்களூர் கடையில இருந்து சாயங்காலம் பதில் வந்துச்சு. அது ரா-02 தானாம், வயலுக்குன்னா அத வாங்காதீங்க, ரா-01எச் அடுத்த வாரம் வருது, விலை கொஞ்சம் கூடும்னு எழுதியிருக்காவ. ஜிஎஸ்டி நம்பரும் போட்டுப் பாத்தேன், பேரு ஒத்துப் போவுது. அங்கேயே வாங்கிருதேன்.

அதே கடையில நீல நிற ரிலே போர்டு (சின்ன சிக்னலால ஆன் ஆஃப் ஆவுற சுவிட்சு) 60 ரூபாய்க்கு இருக்கு. 10 ஆம்பியர்னு போட்டிருக்கு. ஸ்டார்ட்டருக்கு அது போதுமா அண்ணாச்சி?

வண்ணார்பேட்டை_அண்ணாச்சி

தான் விக்கிற சாமானையே வாங்காதேன்னு சொல்லுதான் பாத்தீரா, அவன விட்டுராதியும்.

ரிலே விஷயத்துல கவனம். அந்த நீல ரிலேயில 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசின்னு எழுதியிருக்கும். மோட்டாரை நேரா அதுல குடுக்கவே கூடாது. ஸ்டார்ட்டர இழுத்துப் பிடிக்கிற காயிலுக்குக் குடுக்கலாம்னு நெனைப்பீரு, அங்கதான் வம்பு. நம்ம பக்கத்து த்ரீ பேஸ் ஸ்டார்ட்டர்ல முக்காவாசி காயிலு 415 வோல்ட். 250 வோல்ட் ரிலேயில 415-ஐ விட்டா கான்டாக்ட் ஒட்டிக்கிட்டு மோட்டார் நிக்காது, வயல் முழுக்கத் தண்ணி. நடுவுல வேற ஒரு கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்டு வந்தா ஆன் ஆவுற பெரிய சுவிட்சு), 230 வோல்ட் காயில் உள்ளது, போடணும். நீல ரிலே அத இயக்கும், அது ஸ்டார்ட்டர் காயில இயக்கும். அதுக்கு நியூட்ரல் வேணும், வயல்ல நியூட்ரல் வந்திருக்கான்னு அப்பாகிட்ட கேளும். அந்தக் கான்டாக்டர ஆன்லைன்ல தேட வேண்டாம், ஜங்ஷன்ல எலக்ட்ரிக்கல் கடையில கையில பாத்து வாங்கும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனா மோட்டார நிறுத்துறது) இருந்தா அதக் கழட்டாதியும்.

மெயின ஆஃப் பண்ணி, ப்யூஸ் கட்டையையும் உருவிட்டு, ஸ்டார்ட்டர் மூடியத் திறந்து காயிலு மேல என்ன வோல்ட் எழுதியிருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து இங்க போடும். ஒயரிங் வரைஞ்சு தாரேன்.