பழைய கார்களின் டை-காஸ்ட் (துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்த) குரோம் பாகங்கள்: பிளேட்டிங்குக்கு (மின்முலாம் பூச) கொடுத்தபோது உங்களுக்கு நடந்தது என்ன?

மார்க்2_மதுரை
அம்பாசிடரின் பின்கதவுக் கைப்பிடி, முழுக்கக் கொப்புளம். "துத்தநாகம்ணே, பார்த்து" என்று சொல்லித்தான் கொடுத்தேன். பட்டறைக்காரர் பம்பரோடு சேர்த்துக் கம்பியில் கட்டி ஆசிட் தொட்டியில் இறக்கிவிட்டார். பம்பர் சும்மா கிடந்தது. கைப்பிடியைச் சுற்றி மட்டும் நுரை பொங்கிப் புகைந்தது. வெளியே எடுத்தபோது புள்ளிகளெல்லாம் ஓட்டையாகியிருந்தன. பட்டன் உட்காரும் விளிம்பையே காணோம்.

பத்மினி_பிரியன்
ஆசிட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள் சார். என் டெயில் லாம்ப் கூடு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. ஒரு மழைக்காலம்தான். ஓரத்தை நகத்தால் நெம்பினேன், குரோம், நிக்கல் எல்லாம் ஒரே ஏடாக உரிந்து வந்தது. ஏட்டின் உட்புறம் செம்பு நிறம். துத்தநாகத்தை நேராக மயில்துத்த (காப்பர் சல்பேட்) தொட்டியில் போட்டால் செம்பு தானாகவே பொடியாகப் படியும், பிடிக்காது. முதலில் காரக் கரைசலில் மெல்லிய செம்புப் பூச்சு வேண்டும்.

பழைய_பட்டறை
இருவரும் பிளேட்டிங்கையே பேசுகிறீர்கள். பாதி வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. நம்பர் பிளேட் விளக்கு மூடி ஒன்றின் விரிசலை அடைக்க ஒரு பையன் கேஸ் டார்ச் காட்டினான். சிவக்கக்கூட இல்லை, திடீரென்று தொங்கிச் சொட்டிவிட்டது. இந்தத் துத்தநாகக் கலவை 380 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும், நிறம் பார்த்துச் சூடு கணிக்க முடியாது.

கொடுப்பதற்கு முன் காந்தம் வையுங்கள். ஒட்டவில்லையா, மறைவான இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு. மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் வெள்ளை என்றால் அநேகமாகத் துத்தநாகம்தான். பழைய குரோமையும் நிக்கலையும் எடுத்த பிறகு ஒவ்வொரு குழியிலும் உள்ள வெள்ளைப் பொடியைச் சின்ன பர் (சுழலும் குடையும் முனை) வைத்துக் குடைந்து எடுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் விட்டாலும் அங்கேயே மறுபடி கொப்புளம் கிளம்பும். அப்புறம் முதல் செம்பு, அதன்மேல் குழிகளில் ஈயம்-வெள்ளீய சாலிடர். அது 183 டிகிரியில் உருகுவதால் அடியில் உள்ள உலோகத்துக்கு ஆபத்தில்லை. தேய்த்து, மறுபடி தடிமனாகச் செம்பு, பஃபிங் (துணிச் சக்கரத்தில் மெருகேற்றல்), நிக்கல், கடைசியில் குரோம். குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, குழியை மறைக்காது. முதல் செம்புக்குப் பல பட்டறைகளில் சயனைடு கரைசல்தான். அதில் ஆசிட் கலந்தால் உயிர்போகும் வாயு வரும். வீட்டில் முயலவே வேண்டாம்.

மோரிஸ்_கோவை
எல்லாவற்றையும் சாலிடர் காப்பாற்றாது நண்பரே. 1930களின் மோரிஸ் கார் கைப்பிடி ஒன்று, அலமாரியை விட்டு அசையாமல் இருந்தது. எடுத்தபோது வீங்கி, மேலெல்லாம் வலைபோல் விரிசல். லேசாகத் திருகினேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது. அந்தக் காலத்துத் துத்தநாகத்தில் ஈயம் கலந்திருந்தால் உள்ளேயே அரித்துவிடும், பூச்சு போட அடியில் உலோகமே மிஞ்சாது. துண்டுகளை ஒட்டி அச்செடுத்து, பித்தளையில் வார்த்து குரோம் போட்டேன். கனம் கூடிவிட்டது, ஸ்பிரிங்தான் திணறுகிறது. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் தேடிக்கொண்டிருக்கிறேன்.