ஜெனீவால ஓட்டுன்னு வந்தா இந்தியா ஏன் ஒதுங்கிக்குது?

மணி_திருச்சி:

ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டு இருக்கற டவுட், தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஜெனீவால இருக்கற ஐநா மனித உரிமை கவுன்சில்ல மொத்தம் 47 சீட், அதுல இந்தியா ஏழாவது தடவையா வந்திருக்கு, 2025 அக்டோபர்ல போட்டியே இல்லாம ஜெயிச்சாச்சு, 2028 வரைக்கும் இருப்போம். ஸ்டாக்ஹோம்ல இன்டர்நேஷனல் ஐடியான்னு ஒரு அமைப்பு இருக்கு, தேர்தல் ஜனநாயகம் இதையெல்லாம் பாக்கறவங்க, 1995ல அதை ஆரம்பிச்ச நாடுகள்ல நாமளும் ஒண்ணு, 2026க்கு அதோட சேர்மன் சீட்ல நம்ம தலைமைத் தேர்தல் ஆணையர். ஐநா ஜனநாயக நிதின்னு 2005ல தொடங்கினாங்களே, அதுக்கும் நிறைய காசு குடுத்தவங்க லிஸ்ட்ல இருக்கோம்.

இவ்ளோ இடத்துல உக்காந்துட்டு, ஓட்டுன்னு வந்தா மட்டும் ஒதுங்கல்! போர்ல நடந்ததுக்குப் பொறுப்பு கேக்கற இலங்கை தீர்மானத்துக்கு 2012, 2013ல ஆதரவா போட்டோம், சரி. 2014, 2021, 2022 மூணு தடவையும் அப்ஸ்டெய்ன். இது என்ன கணக்கு, யார் முடிவு பண்றாங்க, பார்லிமென்ட்ல கேக்கவே மாட்டாங்களா? ஒதுங்கினா அது கடைசில யாருக்கு லாபம்?

பழைய_ஃபைல்:

பார்லிமென்ட்ல ஓட்டெல்லாம் கிடையாது ப்ரோ. வெளியுறவு அமைச்சகம் முடிவு பண்ணும், விஷயம் பெருசுன்னா பிரதமர் அலுவலகம் வரைக்கும் போகும், ஜெனீவால இருக்கற நம்ம தூதர் பட்டனை அமுக்குவாரு, அவ்ளோதான். எம்பிக்கள் கேள்வி கேக்கலாம், கத்தலாம், அது வேற.

யாருக்கு லாபம்ங்கறதுக்கு ஒரே பதில் இல்ல. கவுன்சில்ல ஆதரவு எவ்ளோ எதிர்ப்பு எவ்ளோன்னு மட்டும்தான் பாப்பாங்க, ஒதுங்கினவங்க கணக்குலயே வர மாட்டாங்க. 2022 அக்டோபர் 6 ஒரே நாள்ல நடந்த ரெண்டு ஓட்டை எடுத்துக்கோங்க. இலங்கை தீர்மானம்: ஆதரவு 20, எதிர்ப்பு 7, ஒதுங்கினது 20, பாஸ். அதே நாள் சீனாவோட ஷின்ஜியாங்ல உய்குர் மக்களுக்கு நடக்கறதைப் பத்தி ஒரு விவாதமாவது வைக்கலாமான்னு ஓட்டு: ஆதரவு 17, எதிர்ப்பு 19, ஒதுங்கினது 11, ஃபெயில். ரெண்டுலயும் இந்தியா ஒதுங்கிச்சு. முதல்ல சொன்னதுல நம்ம ஓட்டு இல்லாமயே தீர்மானம் தாண்டிடுச்சு, ரெண்டாவதுல ஒதுங்கின பதினோரு பேர்ல மூணு பேர் கைதூக்கிருந்தா விவாதம் நடந்திருக்கும். எல்லைல ரெண்டு நாட்டு ராணுவமும் முறைச்சுட்டு நின்ன நேரத்துலயும் சீனாவுக்கு எதிரா ஓட்டு போடலன்னா காரணம் பயம் மட்டும் இல்லன்னு நான் நெனைக்கறேன். ஒரு நாட்டோட பேரைச் சொல்லி தீர்மானம் கொண்டுவர்றதே நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்காது. இன்னிக்கு அவன் பேரு, நாளைக்கு காஷ்மீர். 2018ல ஐநா மனித உரிமை அலுவலகம் காஷ்மீர் பத்தி ஒரு ரிப்போர்ட் விட்டப்போ டெல்லிக்கு வந்த கோவத்தைப் பாத்தீங்கன்னா இது புரியும்.

இதுல செம ஐரனி என்னன்னா, "இது எங்க உள்நாட்டு விவகாரம், ஐநா தலையிடக் கூடாது"ங்கற வாதத்தை ஐநால முதன்முதல்ல உடைச்ச நாடுகள்ல ஒண்ணு இந்தியாதான். 1946ல, நமக்கு சுதந்திரமே வரல அப்போ, தென்னாப்பிரிக்கால இந்திய வம்சாவளி ஆளுங்களை நடத்தற விதத்தை பொதுச்சபைக்கு எடுத்துட்டுப் போனாங்க, டீமுக்கு விஜயலட்சுமி பண்டிட் தலைமை. தென்னாப்பிரிக்கா அதே உள்நாட்டு விவகாரப் பாட்டைப் பாடிச்சு, செல்லுபடியாகல, மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டில நாம ஜெயிச்சோம். இப்போ அந்தப் பாட்டை நாமளே பாடறோம்.

சுள்ளுன்னு_பேசறவன்:

இவ்ளோ தத்துவம் எல்லாம் வேணாம் பாஸ். 2013 மார்ச் ஞாபகம் இருக்கா? காலேஜ் பசங்க தமிழ்நாடு முழுக்க உண்ணாவிரதம், கிளாஸ் பாய்காட், 19ஆம் தேதி திமுக மத்திய அரசுக்கு ஆதரவை வாபஸ் வாங்குச்சு, 21ஆம் தேதி ஜெனீவால இந்தியா ஆதரவா ஓட்டு. அழுத்தம் குடுத்தா போடுவான், குடுக்கலன்னா ஒதுங்குவான். மனித உரிமை எல்லாம் சும்மா, சீட்டுக் கணக்குதான்.

பழைய_ஃபைல்:

@சுள்ளுன்னு_பேசறவன் அப்படின்னா 2014 எப்படி? ஓட்டெடுப்பு மார்ச் 27, லோக்சபா தேர்தல் ஏப்ரல் 7ல தொடங்குது. சீட்டுக் கணக்குன்னா அன்னிக்குத்தான் ரெண்டு கையையும் தூக்கிருக்கணும், ஆனா அன்னிக்குப் பாத்து ஒதுங்கினாங்க. 2012, 2013 தீர்மானம் ரெண்டும் "போர் பத்தி நீங்களே போட்ட கமிஷன் சொன்னதை நீங்களே நடைமுறைப்படுத்துங்க"ன்னு இலங்கையைக் கேட்டதுதான். 2014ல வந்தது ஐநா அலுவலகமே விசாரிக்கணும்னு. வெளில இருந்து விசாரணைன்னு வந்ததும் நம்மாளு பின்வாங்கிட்டாரு. தமிழ்நாட்டு அழுத்தம் வேலை செஞ்சது நிஜம், ஆனா இந்தக் கோடு வரைக்கும்தான்.

சுள்ளுன்னு_பேசறவன்:

அப்போ தமிழ்நாட்டுல காங்கிரஸுக்கு எப்படியும் சீட்டு வராதுன்னு முடிவு பண்ணிருப்பாங்க 😄 வரவும் இல்ல, பூஜ்யம்.

வடமராட்சியான்:

நான் யாழ்ப்பாணப் பக்கம். நீங்கள் எல்லாரும் 2012ல இருந்து தொடங்குறியள், எங்களுக்கு அது 2009 மே. சண்டை முடிஞ்சு ஒரு கிழமைதான் இருக்கும், கவுன்சில்ல சிறப்பு அமர்வு வைச்சவை. கடைசியில வந்தது இலங்கை அரசைப் பாராட்டுற மாதிரி ஒரு தீர்மானம், 29 பேர் ஆதரவு, 12 பேர் எதிர்ப்பு, 6 பேர் விலகல். இந்தியா அந்த 29க்குள்ள. சனம் முள்ளுக்கம்பி வேலிக்குள்ள முகாமில இருக்கேக்க நடந்த ஓட்டு அது. ஆனபடியா 2012ல இந்தியா ஆதரவா கை தூக்கினதும் இங்க ஒருத்தரும் வெடி கொளுத்தேல்ல.

இன்னொண்டு. ஒவ்வொரு முறையும் இந்தியாவின்ர பேச்சில பதின்மூண்டாம் திருத்தம் (மாகாணங்களுக்கு அதிகாரம் குடுக்கிற இலங்கை அரசியலமைப்புத் திருத்தம்) வரும், மாகாண சபைத் தேர்தல் வை எண்டு வரும். நல்லது, வேற எந்த நாடும் அவ்வளவு விடாப்பிடியாச் சொல்லுறேல்ல, அதை மறுக்கேல்ல. ஆனா வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில, அதின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சுது, அதுக்குப் பிறகு ஆளுநர்தான் எல்லாம். சொல்லுறதோட சரி.

இந்தியா ஒப்பந்தங்களில கையெழுத்துப் போட்டா எல்லாம் சரியாயிடும் எண்டும் ஆராவது சொல்ல வருவினம், அதுக்கு முதலே சொல்லிறன். ஐநாவின்ர முக்கியமான மனித உரிமை ஒப்பந்தம் எல்லாத்திலயும் இலங்கை சேர்ந்த நாடு. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில 1994ல சேர்ந்து அதே வருசம் சட்டமும் கொண்டுவந்தது. தனிமனிசர் நேர ஐநா மனித உரிமைக் குழுவுக்கு (கவுன்சில் இல்லை, இது நிபுணர் குழு) முறையிடலாம் எண்டு 1997ல ஒத்துக்கொண்டது, இந்தியா இண்டைக்கும் ஒத்துக்கொள்ளாத விசயம் அது. அப்பிடிப் போன சிங்கராசா வழக்கில ஐநா குழு அவருக்குச் சார்பாச் சொல்லிச்சு, பிறகு 2006ல கொழும்பு உச்ச நீதிமன்றம் அந்த 1997 ஒப்புதலே அரசியலமைப்புக்கு விரோதம் எண்டு சொல்லிப்போட்டுது. கதை முடிஞ்சுது. எங்களுக்கு இப்ப மிஞ்சினது எண்டா 2021 தீர்மானத்தால ஜெனீவாவில தொடங்கின அந்தச் சாட்சியம் சேர்க்கிற அலுவலகம் ஒண்டுதான், அதுக்கும் இந்தியாவின்ர ஓட்டு இல்லை.

மணி_திருச்சி:

@வடமராட்சியான் அண்ணா, 2009 ஓட்டு எனக்குத் தெரியவே தெரியாது. இங்க அதை யாரும் பேசறதில்ல. 2024, 2025ல என்ன ஆச்சு?

வடமராட்சியான்:

தம்பி, ரெண்டு முறையும் ஓட்டெடுப்பே இல்லை, அப்பிடியே ஏற்றுக்கொண்டவை. இலங்கை "எங்களுக்கு உடன்பாடில்லை" எண்டு வாயால சொன்னது, ஆனா ஓட்டுக் கேக்கேல்ல. ஆகவே இந்தியாவுக்கும் ஒதுங்கிற வேலை மிச்சம்.

கறுப்புகோட்டு:

வடமராட்சியான் சொன்னதை ஒத்துக்கறேன், ஆனா பாதிதான். கையெழுத்து போட்டா சரியாகிடாது, உண்மை. அதுக்காக போடாம இருக்கறது நல்லதுன்னு ஆகிடாது. நான் கோர்ட்ல பாக்கறது இதுதான், லாக்கப்ல அடிச்சதுக்குத் தனியா ஒரு சட்டமே நம்ம கிட்ட இல்ல. சித்திரவதை உடன்படிக்கைல இந்தியா 1997 அக்டோபர்ல கையெழுத்து போட்டுச்சு, அப்புறம் அங்கீகரிக்கணும்ல, அது இன்னும் நடக்கல. 2010ல ஒரு மசோதா லோக்சபால பாஸாச்சு, ராஜ்யசபால செலக்ட் கமிட்டிக்குப் போச்சு, அப்படியே காலாவதி. 2017ல சட்ட ஆணையம் 273ஆவது ரிப்போர்ட்ல உடன்படிக்கையை அங்கீகரிங்கன்னு சொல்லி ட்ராஃப்ட் சட்டமே எழுதிக் குடுத்துச்சு. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஜெனீவால எல்லா நாட்டையும் வரிசையா உக்கார வெச்சு மத்த நாடுகள் கேள்வி கேக்கும், நம்ம முறை 2008, 2012, 2017, 2022ல வந்துச்சு, திரும்பத் திரும்ப இதே கேள்வி, நம்ம பக்கத்துல இருந்து "உறுதியா இருக்கோம், வேலை நடக்குது". நடுவுல 2020ல சாத்தான்குளம். அப்பாவும் பையனும் செத்து ஊரே கொதிச்சப்போ கூட அந்த மசோதாவை யாரும் தூசி தட்டல.

இதால நமக்கே நஷ்டம்ங்கறது நெறைய பேருக்குத் தெரியாது. 1995ல புருலியால பிளேன்ல இருந்து ஆயுதம் கொட்டின கேஸ் இருக்குல்ல, அதுல தேடப்பட்டவர் டென்மார்க் குடிமகன். 2011ல அந்த ஊர் ஹைகோர்ட், இவரை அனுப்பினா இந்திய ஜெயில்ல சித்திரவதை நடக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லி அனுப்ப மாட்டேன்னுடுச்சு. உடன்படிக்கைல இருந்திருந்தா உடனே அனுப்பிருப்பாங்கன்னு சொல்ல வரல, ஆனா நம்ம பக்கம் காட்ட ஒரு பேப்பராவது இருந்திருக்கும்.

அகதிகள் உடன்படிக்கை 1951, அதுலயும் நாம இல்ல. வடமராட்சியான் ஊர்ல இருந்து வந்து நாப்பது வருஷமா நம்ம முகாம்ல இருக்கறவங்களுக்கு சட்டப்படி அகதின்னு ஒரு அந்தஸ்தே கிடையாது, எல்லாம் அரசாணையும் கலெக்டர் மனசும்தான். ஜெனீவா ஓட்டுக்குக் கத்தற அளவுக்கு இதுக்கு யாரும் இங்க கத்தினதில்ல, அது எனக்கு உறுத்தற விஷயம்.

பழைய_ஃபைல்:

கறுப்புகோட்டு மேடம் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, 2011ல இந்தியா ஐநா சிறப்பு அறிக்கையாளர்கள் (ஒரு விஷயத்தைத் தனியா பாத்து ரிப்போர்ட் குடுக்கற நிபுணர்கள்) யார் வேணா வரலாம்னு திறந்த அழைப்பு குடுத்துச்சு. பேப்பர்ல. 2017ல தண்ணி, சுகாதாரம் பாக்கற அறிக்கையாளர் லியோ ஹெல்லர் வந்தாரு, ஸ்வச் பாரத்ல கக்கூஸ் கட்டறது சரி, மனித உரிமைக் கண்ணாடி போட்டும் பாருங்கன்னு சொன்னாரு. லோகோல காந்தி கண்ணாடி இருக்குல்ல, அதை வெச்சு சொன்னது. தேசப்பிதாவையே அவமானப்படுத்திட்டாருன்னு அன்னிக்கே அரசாங்கம் மறுப்பு விட்டுச்சு. கக்கூஸுக்கே இந்த நிலைமைன்னா சித்திரவதையைப் பாக்க வர்றவருக்கு யோசிச்சுக்கோங்க.

மணி_திருச்சி:

சரி ஒரு கடைசி கேள்வி. இந்தியால ஒரு ஆளுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல ஏதாவது ஆகிடுச்சு, கோர்ட் தவிர வேற எங்க போலாம்? ஐநாவுக்கு எழுத முடியுமா முடியாதா?

கறுப்புகோட்டு:

முதல்ல தேசிய மனித உரிமை ஆணையம், இல்லன்னா மாநில ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துடணும், அப்புறம் எடுக்க மாட்டாங்க, இதை நிறைய பேர் கோட்டை விடறாங்க. ராணுவம் சம்பந்தப்பட்டதுன்னா ஆணையம் நேரடியா விசாரிக்க முடியாது, மத்திய அரசுகிட்ட அறிக்கை மட்டும் கேக்கலாம், 19ஆவது பிரிவு அப்படி எழுதிருக்காங்க. இன்னொண்ணு, ஆணையத்துல போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கறது போலீஸ்ல இருந்து டெபுடேஷன்ல வந்தவங்க. இதையும் ஒரு காரணமா சொல்லித்தான் உலக அளவுல மனித உரிமை ஆணையங்களுக்கு கிரேடு போடற அமைப்பு 2023லயும் 2024லயும் நம்ம ஏ கிரேடைப் புதுப்பிக்காம தள்ளி வெச்சுது, 2025 மார்ச்ல அதோட சப் கமிட்டி பி-க்கு இறக்கலாம்னே பரிந்துரை பண்ணிச்சு.

ஐநா மனித உரிமைக் குழுவுக்கு தனி ஆளா வழக்கு மாதிரி கொண்டுபோக முடியாது, மேல வடமராட்சியான் சொன்ன அந்த ஒப்புதலை இந்தியா குடுக்கல. ஆனா சிறப்பு அறிக்கையாளர்களுக்கு எழுதலாம், அதுக்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்ல, வக்கீலும் தேவையில்ல. ஆன்லைன் ஃபார்ம் இருக்கு. பேரு, தேதி, இடம், என்ன நடந்துச்சு, யார் செஞ்சாங்க, பாதிக்கப்பட்டவரோட சம்மதம், இவ்ளோ வேணும். அவங்க எடுத்துக்கிட்டா அரசாங்கத்துக்கு லெட்டர் போகும், பொதுவா 60 நாள் கழிச்சு அந்த லெட்டரும் பதில் வந்திருந்தா பதிலும் பப்ளிக்கா போட்டுடுவாங்க. தீர்ப்பு கிடையாது, நஷ்ட ஈடு கிடையாது. சில சமயம் அந்த லெட்டர் காப்பியை ஹைகோர்ட்ல ஃபைலோட சேத்து வெப்போம், அரசு வக்கீல் முகம் கொஞ்சம் மாறும். மெடிக்கல் ரிப்போர்ட் காப்பி மட்டும் முதல் நாளே வாங்கி வெச்சுக்கோங்க, அது இல்லாம எங்க போனாலும் கஷ்டம்.